கொள்ளாம்

"படம் எப்படி இருக்கு?"
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டார் கண்டக்டர்.
"கொள்ளாம்" என்றேன்.
எங்கள் பக்கம் அதற்கு மேல் சொல்லும் வழக்கமில்லை.
சாளைக்கறிக்கும் கொள்ளாம்,
தங்கைக்கு வந்த மாப்பிள்ளைக்கும் கொள்ளாம்,
ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்
அரைமணிக்குள் முடிந்துவிட்டால் அதற்கும்.

கருங்கலுக்குக் கடைசி வண்டி.
ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான்
அந்த ஒரு சொல்லுக்குள்
எவ்வளவைத் திணித்திருந்தேன் என்று தெரிந்தது.

உப்பு சுமக்கிறாள் அவள்.
ராஜாக்கமங்கலத்து அளத்திலிருந்து கோட்டாறு வரை,
கூலியில்லாத ஊழியம்.
மூட்டையை இறக்கி வைக்கிறாள்.
இந்த இடத்தில் மற்றவர்கள் என்றால்
பெருமூச்சு விடுவார்கள்,
புறங்கையால் நெற்றியைத் துடைப்பார்கள்.
இவள் ஒன்றும் செய்யவில்லை.
கழுத்து மட்டும்
இன்னமும் மூட்டைக்குக் கீழேயே நின்றது.
பத்து எண்ணுகிற நேரம்.
நான் எண்ணினேன்.
நெய்யூர் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாகக்
கழுத்துகளைத் தொட்டுப் பிழைப்பவள்.
இறக்கிய பிறகும் இறங்காத பாரம்
எந்த எலும்பில் போய்த் தங்கும் என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கு யார் சொன்னது?

பார்வத்தியக்காரனாக வந்தவன்
குரலை உயர்த்தவே இல்லை.
மட்டிப்பழம் உரிக்கிறான்.
சதையில் ஒட்டிய நாரை
ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறான்.
அதுவரை வெயிலில் பன்னிரண்டு பேர்.
பழத்தைத் தின்னாமல் கீழே வைத்துவிட்டு
"வரி" என்கிறான்,
நேரம் கேட்பதுபோல.
பக்கத்து இருக்கைக்காரர்
"சவத்துப்பய" என்று பல்லைக் கடித்தார்.
இதற்குமேல் அவனுக்கு என்ன விருது வேண்டும்.

புன்னைக்காய் எண்ணெய் விளக்கு.
அதற்கு மேலே சுவரில் கரி,
சரியான உயரத்தில், சரியாகச் சாய்ந்து,
காற்று வருகிற வாசலுக்கு எதிர்ப்பக்கமாக.
அதைப் பூசியவன் பெயர்
கடைசியில் ஓடிய எழுத்துகளில் எங்கேயோ இருந்தது.
தேடுவதற்குள் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

"வெள்ளம் தா" என்று அவள் கேட்டபோது
தியேட்டரே ஒருமுறை எச்சில் விழுங்கியது.
எந்த ஊர்க்காரியோ,
எங்கள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாள் அந்தச் சொல்லை.

குறை இல்லாமல் இல்லை.
அவள் ஓடுகிற காட்சியில், பின்னால்,
வரிசை பிசகாமல் ரப்பர் மரங்கள்.
"அந்தக் காலத்துல ஏதுடே ரப்பர்?"
குலசேகரத்துப் பால்வெட்டுக்காரர்கள் யாரோ கேட்க
மொத்த வரிசையும் சிரித்தது.
அப்போது அவள் திரும்பிப் பார்த்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது,
மரங்களும் ஒருவிதமாய்
அந்தக் காலத்தில் முளைத்துவிட்டன.

பிறகு அந்தத் துணி.
முதன்முதலாகத் தோளில் போடுகிறாள்.
இசை இல்லை.
தலை நிமிரவில்லை, கண் பளபளக்கவில்லை.
நழுவிவிடும் நழுவிவிடும் என்று
இடது கை திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது.
தோளுக்கு அது இன்னும் அந்நியம்.
பிறந்த நாள் முதல் உடுத்திப் பழகிய ஒருத்தி
அந்தப் பழக்கத்தை
எங்கே கழற்றி வைத்துவிட்டு வந்தாள்?

கருங்கல் வந்ததைக்
கண்டக்டர் சொல்லித்தான் இறங்கினேன்.
என் இடது கை தோளில் இருந்தது.

திங்கட்கிழமை காலை
அண்டியாபீஸ் ரெத்தினபாய் வந்தாள்.
கழுத்தைத் திருப்ப முடியவில்லையாம்.
குப்புறப் படுக்கவைத்து விரலை வைத்ததும்
"அந்தப் படம் பாத்தியளா?" என்றாள்.
"பாத்தேன்."
"கொள்ளாம், இல்லியா?"
"கொள்ளாம்."

ஃபேன் ஓடியது கொஞ்ச நேரம்.
தலையணைக்குள்ளிருந்து மறுபடி கேட்டாள்:
"அந்தப் பிள்ளைக்குப் பொறவு
ஆராவது எண்ணெ போட்டுத்
தடவி விட்டிருப்பாவளா?"