ஜி இருந்த இடங்களில் ஏ

பொரளையில் மழை. ஜெனரேட்டர் ஒருமுறை இருமி
பிறகு பிடித்துக்கொண்டது.
மாதிரி நானூற்றுப் பதினேழின் எழுத்துகள்
திரையில் இறங்கிக்கொண்டிருந்தன.

ஜி இருக்கவேண்டிய இடங்களில் ஏ.
ஒன்றிரண்டல்ல.
கருவி பழுதென்று நினைத்து
இரண்டாம் முறையும் ஓட்டினேன். அதே ஏ, அதே ஏ.
"வேலை தெரியாத ஆள் டைப் அடிச்ச மாதிரி" என்றாள் ரிஸ்மியா
தேத்தண்ணியை ஊதியபடி.

இல்லை, வேலை தெரிந்த கைதான்.
அபோபெக் என்று ஒரு நொதி.
உயிரணுவை விட்டுப் புறப்படும் புது வைரஸுக்குள்
டிக்கட் இல்லாமல் ஏறிக்கொள்ளும்.
அடுத்த உயிரணுவில் இறங்கும்வரை சத்தமே இல்லை.
அங்கே வைரஸ் தன்னை டிஎன்ஏயாகப்
பெயர்த்தெழுதும்போது,
ஒற்றை இழையில், மை காயுமுன்,
சி கண்ட இடமெல்லாம் யூ ஆக்கிவிடும்.
எதிர் இழை வரும்போது ஜி போய் ஏ.
வாக்கியங்களின் நடுவே
முற்றுப்புள்ளிகள் விழுந்து கிடக்கும்.

சாம்எச்டி என்று இன்னொன்று.
அது எழுத்தைத் தொடாது;
அச்சுக்கோக்க வைத்திருந்த ஈயத்தையே
பெட்டியோடு காலி பண்ணிவிடும்.

வைரஸும் சும்மா இருக்காது.
விஃப் என்று ஒரு கையாள் வைத்திருக்கிறது,
நொதியின் முதுகில் குறி ஒட்டி
அரைக்கும் ஆலைக்கு அனுப்ப.
பெரும்பாலும் வெல்வது அதுதான்.
அதனால்தான் மாத்திரைகள்.
அதனால்தான் கீழே வாங்கில், ஈரக் குடையை மடியில் வைத்தபடி,
நானூற்றுப் பதினேழு.

எழுத்துப்பிழை என்றால் எனக்கு வேறு ஞாபகம்.
நான் வதனரூபி. அடையாள அட்டையில் வதனருபி.
ஒரு சுழி குறைந்ததற்கு
வெள்ளவத்தைப் பொலிசில் விடியும்வரை இருந்தேன்.
கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போனது கேட்டது,
பிறகு முதல் ரயில்.
"நீ இதில இருக்கிற ஆளா, அதில இருக்கிற ஆளா?"
அதற்குப் பிறகு எந்தப் படிவத்தையும்
மூன்று தரம் வாசிக்காமல் கையெழுத்து வைப்பதில்லை.

இன்றும் மூன்று தரம் வாசித்தேன்.
இந்த நகல் இனி எழும்பாது.
அவனுக்குள் எழும்பக்கூடியவை எத்தனையென்று
இந்தத் திரைக்குத் தெரியாது.

அறிக்கையில் இதற்கென்று கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பிழை உண்டு. திருத்த வேண்டாம்.