இருபது கிலோவுக்குக் கீழ்

சோஹார் துறைமுகத்தின் மூன்றாவது வாயிலில்
லாரிகளை எடை போடுகிறவன் நான்.
சுமையோடு ஒரு முறை, வெறுமையாய் ஒரு முறை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
இந்த மேடைக்கு
இருபது கிலோதான் ஆகச் சிறிய எண்.
நான் ஏறி நின்றால் எண்பது என்று கூட்டிச் சொல்லும்.
நாவலை வைத்தால் பூஜ்யம்.

இந்தக் கோடையில் மூன்று படித்தேன்.
காயல்பட்டினத்து அபூதாஹிர் லீவு முடிந்து வரும்போது
தன் முப்பது கிலோவில் இரண்டரையை எனக்கு விட்டுத் தந்தார்.
அந்த அளவுக்கு மாசி குறைந்துபோனதை
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
மூன்று நாவலிலும் மாசி வாசம்,
எழுதியவர்களுக்குத் தெரியாமல்.

மஞ்சள் அட்டைக்காரர் தன் நாயகனை
வளைகுடாவுக்கு அனுப்பிவைக்கிறார்.
ஆகஸ்ட் மதியம். குழாயைத் திறக்கிறான்.
குளிர்ந்த நீர் அவன் முகத்தில் அறைகிறது.
அய்யா,
ஆகஸ்டில் எங்கள் குழாயில் தேயிலை போட்டால் போதும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
நேற்றிலிருந்து அதற்குள் ஆறிக்கிடக்கும் தண்ணீரைத்தான்
குளிக்கப் பிடிப்போம்.
அந்த வரியிலேயே மூடினேன்.
பதினோரு நாள் கழித்து நானே திறந்தேன்.
ஏனென்றால் அதற்கு முந்தைய பக்கத்தில்
சம்பளம் வந்த அன்றைக்கே
அக்காளுக்கு போன் போட்டு
'இன்னும் வரலை' என்றிருந்தான் அவன்.
தண்ணீர் தெரியாத ஆளுக்கு
இது எப்படித் தெரிந்தது?

ஒல்லியானது நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சுங்கச்சாவடியில் சில்லறை கொடுக்கும் பெண்.
ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமலிருந்தது நன்றாக இருந்தது.
கடைசி வரி 'அவள் கையை நீட்டி' என்று நிற்கிறது,
முற்றுப்புள்ளி கூடக் கிடையாது.
ஃபாரம் விட்டுப்போயிருக்கும் என்று
பாளையங்கோட்டையில் தங்கை சுகந்தியைக் கடைக்கு விரட்டி
வேறொரு பிரதியைப் பார்க்கச் சொன்னேன்.
அதிலும் நீட்டிய கை நீட்டியபடிதானாம்.
மூன்று நாள் எரிச்சல்.
நான்காம் நாள் ஜன்னல் வழியே ரசீதை நீட்டினேன்.
டிரைவர் போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தார்.
எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று
எனக்குத் தெரியாது.

பெரியது அறுநூற்று நாற்பது. ஐந்து தலைமுறை.
உமையொருபாகம் என்று மட்டும் மூன்று பேர்.
எவன் எவனுக்குப் பிறந்தான் என்று குழம்பி
வெற்று ரசீது ஒன்றின் பின்புறம்
வம்சத்தை வரைந்து வைத்திருந்தேன்.
அதிகாலை மூன்றரைக்குத் தூக்கக் கலக்கத்தில்
அதன் முன்புறத்திலேயே
ஜிப்சம், 41,620 கிலோ என்று அச்சடித்து
தாத் கரீமிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் திரும்பி வந்தது.
ஐந்து தலைமுறையின் குறுக்கே
சிமெண்ட் ஆலையின் நீல முத்திரை, அரபியில்:
பெறப்பட்டது. குறைவில்லை.

தாத் கரீம் பலூச்சி. ஸ்டியரிங் பிடித்த விரலால்
ஒரு புள்ளிக்கோட்டைத் தொட்டுக் கேட்டார்:
இது யார் வீடு? இவன் ஏன் தனியாக நிற்கிறான்?
இரண்டாம் உமையொருபாகம், என்றேன்.
கோபித்துக்கொண்டு
மாட்டுத் தரகர்களோடு கிளம்பிப் போனவன்.
அப்புறம்?
பின்னால் ஹாரன்.
அப்புறம் அடுத்த நடையில்.

அன்றிலிருந்து
சுமையோடு வரும்போது கொஞ்சம்,
வெறுமையாய்ப் போகும்போது கொஞ்சம்.
என் இந்தி நொண்டி; அவர் பொறுத்துக்கொள்கிறார்.
நாவலாசிரியர் அவனை
நானூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
காய்ச்சலில் கொன்றுவிட்டார்.
எனக்கு அது அவசரமாகப் பட்டது.
தாத் கரீமிடம் சொல்லவில்லை.
நேற்று வரைக்கும் அவன் இருக்கிறான்,
சந்தையில் ஒரு ஜோடிக் காளைக்குப்
பேரம் பேசிக்கொண்டு.
என்ன விலை என்று கேட்டார்.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
கியரைப் போட்டுக்கொண்டே தாத் கரீம்,
ரொம்ப அதிகம்,
விட்டுவிட்டு வரச் சொல், என்றார்.