பல் தெரியாத படம்

பெயர் என்று கேட்டது முதல் கட்டம்.
வருகைப் பதிவேட்டில் மு. நாகவேணி.
பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி மேடம்.
மாரண்டஹள்ளிச் சந்தையில்
தக்காளி மண்டிக்காரர் சம்சாரம்.
இனிஷியலையும் எடுத்துவிட்டு
நாகவேணி என்று மட்டும் தட்டினேன்.
யாருடைய மகளாகவும் யாருடைய மனைவியாகவும் இல்லாமல்
திரையில் அது தனியே நின்றது,
டவுன் பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

அடுத்தது படம்.
"பல் தெரிய சிரிங்க மேடம், அப்பத்தான் நம்புவாங்க"
என்றார் வட்டார வள மையத்தில் பயிற்சி தந்தவர்.
போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான்.
முன்பல் நான்கிலும் காவிக் கோடு.
கல்யாண ஆல்பத்தில்
நூற்றி இருபது படத்திலும் உதடு பிரியாதவள்.
மூடிய வாயோடு ஒன்று எடுத்து ஏற்றினோம்.

தெரிந்த மொழிகள்:
தமிழ், ஆங்கிலம்.
மாட்டை அதட்டவும் பிள்ளையைக் கொஞ்சவும்
வீட்டில் இருக்கிற தெலுங்கை
எழுத வராது என்பதால் விட்டுவிட்டேன்.
எழுத வராது என்பது மட்டும் காரணமில்லை.

மூன்று மாதம் எல்லோரையும் போலத்தான்.
பணிமனைச் சான்றிதழ், சால்வை,
அதிகாரி பக்கத்தில் ஓரமாக நான்.
பதினேழு பேர் கைதட்டினார்கள்.
ஒன்பது பேர் சொந்தக்காரர்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு வியாழன்.
கழுவிய குவார்ட்டர் பாட்டில்களில்
பதினோரு போர்வெல் தண்ணீர் கொண்டுவந்தார்கள் பிள்ளைகள்.
ஃபுளோரைடு இருந்தால்
சிவப்புக் கரைசல் மஞ்சளாகும்.
ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தோம்.
பஞ்சாயத்து டேங்க் மஞ்சள்.
சுடுகாட்டுப் பக்கத்துப் பம்பு மஞ்சள்.
பள்ளிக்கூடக் குழாய்
ஒரு நிமிடம் யோசித்துவிட்டு
மஞ்சள்.
ஒன்பது பாட்டில் நிறம் மாறியதில்
பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம்,
பரிசோதனை வேலை செய்கிறதே!
அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்துப் போட்டேன்.

விடிவதற்குள் நாலாயிரம் பேர்.
சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து,
பாவம் பிள்ளைகள் என்று.
என் பெயருக்குக் கீழே எண்
பால் பொங்குகிற மாதிரி ஏறியது.
நானும் அடுப்பைக் குறைக்கவில்லை.

ரெக்கார்டு நோட்டை நீட்டும்போது யோகப்ரியா கேட்டாள்.
கோபமெல்லாம் இல்லை,
சந்தேகம் கேட்கிற குரல்தான்:
"மேடம், உங்க படத்துல நீங்க வாய மூடிட்டு இருக்கீங்க.
எங்க படத்துல ஏன் மூடல?"

அன்றைக்கே எடுத்துவிட்டேன்.
பாட்டில்கள், பிடித்திருந்த கைகள்,
அவ்வளவு மட்டும் மறுபடி போட்டேன்.
அறுபது பேர் பார்த்தார்கள்.

அறுபதில் ஒருவர் யாதகிரி,
நல்கொண்டாப் பக்கம் வேதியியல் வாத்தியார்.
மதிப்பிற்குரிய மேடம் என்று ஆங்கிலத்தில் வந்தார்.
வாலை வடிநீர் ஊற்றிய பாட்டில் ஒன்று
வரிசையில் காணோமே என்றார்.
இல்லைதான்.
ஒப்பிட ஒன்று வேண்டும் என்பது
ஒவ்வொரு ஜூனிலும் நான் கரும்பலகையில் எழுதுவது.

நாலு கடிதம் ஆங்கிலத்தில்
மாறி மாறி மதித்துக்கொண்டோம்.
ஐந்தாவதில் அளவு குழம்பிப் பொறுமை போய்
மாட்டுக்கொட்டகையில் நின்றபடியே
குரலில் பேசி அனுப்பிவிட்டேன்,
வீட்டுத் தெலுங்கில்.
இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை.
பிறகு அவர் குரல்:
"அக்கா, மீ நீள்ளு கூடா பசுப்பேனா?"
உங்கள் தண்ணீரும் மஞ்சள்தானா என்று.

வடிநீர் வைத்துத் திரும்பச் செய்தபோது
ஒன்பது ஏழானது.
தவறு என்னுடையது என்று எழுதிப் போட்டதை
பன்னிரண்டு பேர் படித்தார்கள்.
பள்ளிக்கூடக் குழாய் ஏழுக்குள்தான் இருக்கிறது.

மொழிகள் கட்டத்தில் தெலுங்கு சேர்த்திருக்கிறேன்,
பேச மட்டும்.
படத்தை இன்னும் மாற்றவில்லை.
யோகப்ரியா அவள் அண்ணன் போனில்
அவ்வப்போது போய்ப் பார்க்கிறாளாம்.