உள்பைச் சீட்டு

டண்டீ நகரத் தர்மக் கடையில்
நான்கு பவுனுக்கு ஓர் ஆண்பிள்ளைக் கோட்டு.
தோள் எனக்குப் பெரிது. இருக்கட்டும்.

முழங்கை நைந்த இடத்தில்
ஆரஞ்சு நூலால் நண்டு தைத்தேன்,
ஒரு கொடுக்கு கோணல்.
பொத்தான்களுக்குப் பதில்
துளையிட்ட டோமினோ கட்டைகள்.
"வேண்டுமென்றேதானா?" என்றாள்
அலுவலகத்து மொராக்.
ஆமாம், கோணல் உட்பட.

உள்பையில் யாரோ எழுதிய சீட்டு:
பால். பல்பு. ரோனாவிடம் மன்னிப்பு.
முதலிரண்டை மட்டும் அடித்திருந்தது பென்சில்.

எனக்கு ரோனா யாருமில்லை.
ஆனாலும் பேருந்துக்குக் காத்து நிற்கையில்
குளிருக்குக் கைவிட்டால்
காகிதம் விரலைத் தொடும்.

நேற்று இஷ்பெலை அழைத்தேன்,
எட்டு மாதம் கழித்து.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு தங்கை சொன்னாள்:
"போட்டோவில் பார்த்தேன்.
உன் நண்டுக்கு
ஒரு கால் குறைகிறது."