கழுவி வந்த கால்கள்

பெரிய வியாழனன்று சிலோயே தீவில்
மூன்றாம் நாளாக மழை.
எங்கள் கோவிலில் ஆணி கிடையாது,
மரத்தோடு மரம் பூட்டிக் கட்டியது.
காற்றடித்தால் பழைய படகுபோல முனகும்.

பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரின் பட்டியலை
இரண்டு வாரம் முன்பே கதவில் ஒட்டிவிட்டார்கள்.
அதனால்தான் இத்தனையும்.

பட்டியலில் நான் ஏழாவது.
மருந்துக்கடையை மதியமே மூடிவிட்டு
வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்தேன்.
நுரைக்கல்லால் தேய்த்தேன்.
நகங்களுக்கு மங்கிய ரோஜா நிறம்,
வலது பெருவிரலுக்கு மட்டும் மூன்று பூச்சு.
அடியில் நகம் இரண்டு வருடமாகக் கறுத்துக் கிடக்கிறது;
அதற்கான களிம்பை ஊருக்கே விற்கிறவள் நான்.

படகுத்துறை அதிகாரி பாவ்தீலியோ
விலைச்சீட்டு கிழிக்காத புதுக் காலுறையில் வந்தார்.
ஆசிரியை எதுவிஹிஸின் குதிகாலில்
லாவண்டர் எண்ணெய் மணத்தது.
ஒருவரும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.
ஆனால் அன்று சாயங்காலம்
எல்லார் வீட்டுக் குளியலறையிலும் விளக்கு எரிந்தது.

தச்சர் ஓனோஃப்ரேக்குக் காய்ச்சல்.
பன்னிரண்டாவது நாற்காலி காலி.
எலியோதோரோ சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
கடைசிப் பெஞ்சைப் பார்த்தார்.
"ரொசெந்தா, நீ வா."

கடல் வற்றிய நேரம் சிப்பி பொறுக்கப் போனவள்
அப்படியே வந்திருந்தாள்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
"வேண்டாம் சாமி, இப்பதான் சேத்துலேருந்து..."
"தெரியும். உட்கார்."

அவளைப் புனிதையாக்க நான் வரவில்லை.
கிலோவுக்கு நூறு கிராம் குறைப்பாள்.
என் கடையில் அவள் கடன் மூன்று மாதமாக ஏறுகிறது.
துறைமுகத்தில் அண்ணன் மகனை அவள் திட்டிய திட்டு
இன்னும் அந்தப் பலகைகளில் ஒட்டியிருக்கும்.

நாற்காலி நாற்காலியாக
மண்டியிட்டு வந்தார் சாமியார்.
என் முறை.
பாதத்தை நீட்டினேன்,
புகைப்படத்தை நீட்டுவதுபோல.
தண்ணீர் பட்டது, துண்டு பட்டது, முடிந்தது.
பெருவிரலை அவர் கவனிக்கவில்லை.
நிம்மதியாக இருந்தது.
அந்த நிம்மதியில் ஏதோ திரிந்திருந்தது,
பால்போல, முதலில் வாடை மட்டும்.

பதினொரு பேர் முடிந்தும்
பித்தளை வட்டிலில் தண்ணீர் தெளிவாகவே கிடந்தது.
அதைப் பிடித்துநின்ற சிறுவன் நிபால்தோவின் முகம்
உள்ளே அலுங்காமல் தெரிந்தது.

ரொசெந்தா பூட்ஸைக் கழற்றினாள்.
உறிஞ்சிவிடும் சத்தம்.
கோவில் முழுக்கக் கடல் நாற்றம்.
பித்தவெடிப்புகளில் கறுப்பு மணல்,
சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில்
மழுங்கிய ஒரு தழும்பு.
எதுவிஹிஸ் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய்
இருமுவதுபோல் செய்தாள்.

சாமியார் விரலிடுக்கில் விரல்விட்டுத் தேய்த்தார்.
ரொசெந்தாவுக்குக் கூச்சம்.
சிரித்துவிட்டாள், சத்தமாக,
பெரிய வியாழனில், எல்லார் முன்னாலும்.
வாயைப் பொத்தினாள். மறுபடி சிரித்தாள்.
குனிந்திருந்த சாமியாரின் தோளும் குலுங்கியது.
அப்புறம்தான் அழுதாள்.

தண்ணீர் கறுத்தது.
நகத்தளவு ஒரு பொடிச் சிப்பி
அடியில் போய் உட்கார்ந்தது.
நிபால்தோவின் முகம் கலங்கி மறைந்தது.

ஆண்டவர் அன்றிரவு
துண்டை இடுப்பில் கட்டியபோது
கதவில் பட்டியல் எதுவும் இல்லை.
வந்தவர்கள் தெருப்புழுதியோடு வந்தார்கள்.
நாங்களோ
அவர் செய்யவேண்டியதை வீட்டிலேயே செய்துமுடித்து
ஈரத்துக்காக மட்டும் வந்திருந்தோம்.

வெளியே வரும்போது ரொசெந்தா
பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு
வெறுங்காலோடு சேற்றில் இறங்கினாள்.
கழுவியது வீணாகிறதே என்றார் பாவ்தீலியோ.
அவளுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அசிட்டோன் புட்டியைத் திறந்தேன்.
மூன்று பூச்சும் போக நேரம் பிடித்தது.
நகம் கறுப்பாக, இருந்தபடியே இருந்தது.
"ஆண்டவரே, இது" என்றேன்.
அதற்கு மேல் செபம் வரவில்லை.

குளிர்தான்.
காலுறை போடாமல் படுத்தேன்.