ஏழும் மெய்

படகுக் கொட்டகையில் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்.
அந்தப் பக்கம் நைஜல். எப்போதும்.
எதிரே டெக்வென்,
பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வந்த வெங்காய வாசனையோடு.
நடுவே பலகை. மதிப்பெண் எழுத நான்.
பேஜர்கள் மூன்றும் சர்க்கரை டப்பாவின் மேல்
வாயடைத்துக் கிடக்கும்.
வெளியே வேல்ஸ் நாட்டுக் கடல், ஜனவரி.

நைஜலிடம் ஒரு நோட்டு உண்டு.
டீசல் படிந்த ரேகைகளே அதன் பக்க எண்கள்.
யூவின் துணையில்லாமல் பிழைக்கும் க்யூ, இரண்டு பக்கம்.
எக்ஸ் வைத்த இரண்டெழுத்துச் சொற்கள், அரைப் பக்கம்.
ஜேயில் முடிபவை ஓரத்தில், நெருக்கியடித்து.
பொருள் எழுதுவதில்லை.
"பொருளுக்கு யார் புள்ளி கொடுக்கிறார்கள்?" என்பான்.
வோல்வர்ஹாம்ப்டனில் கியர்பெட்டி பிரித்த கை அது.
சொல்லையும் அப்படியே பிரிக்கும்:
எந்தப் பல் எதைக் கடிக்கும், அவ்வளவுதான்.

அன்று டெக்வெனின் மரத்தட்டில்
சி, ஆர், டபிள்யூ, டி, எச், எம், எஸ்.
தோள்வழியே பார்த்துவிட்டேன்; பார்க்கக் கூடாது.
என் மொழியில் எண்ணினால் ஏழும் மெய்.
ஏழு தலையிலும் புள்ளி,
ஓர் உயிர் இல்லை.
அவள் பெருமூச்சைப் படித்த நைஜல்
"மாற்றிக்கொள்ளேன்" என்றான்.
அவள் வாய் திறப்பதற்குள்
டப்பாவின் மேல் மூன்றும் சேர்ந்து கத்தின.

மேற்கு முனைக்கு அப்பால் நீரில் ஒரு தலை.
கரையில் நின்ற யாரோ பார்த்தது.
டிராக்டர், சங்கிலி, சறுக்குமேடை, பிறகு நீர்.
கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து
இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்
விளக்கை இழுத்தோம். இரண்டு மணி நேரம்.
கிடைத்தது ஓர் ஆரஞ்சு மிதவை,
நண்டுக்கூடையிலிருந்து அறுந்தது,
பாசித் தாடியோடு.
உடலும் இல்லை. உயிரும் இல்லை.
செய்தியே பொய்.
யாரும் சிரிக்கவில்லை. டெக்வென் மட்டும்
அந்தத் தாடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

திரும்பியபோது தேநீரில் ஆடை.
பலகை விட்டது விட்டபடி.
உப்பு காயாத விரலால் ஆறு கட்டைகளை
மேலிருந்து கீழாக இறக்கினாள்.
கடைசி எஸ், நைஜல் வைத்திருந்த டைட் என்ற சொல்லின் வாலில்;
ஓர் ஓதம் பல ஓதங்களாயிற்று.
நாற்பது, எழுதினேன்.

நைஜல் ஆட்சேபிக்கவில்லை.
"தெரியும். உயிரெழுத்து இல்லாதவை. பதினேழாம் பக்கம்."
"இல்லை என்று யார் சொன்னது?
டபிள்யூ எங்களுக்கு உயிர்.
க்ரூத். ஆறு நரம்பு, வில்லால் இழுத்து வாசிப்பது.
மாமா வீட்டில் ஒன்று
காற்றடித்தால் கதவுக்கு முட்டுக்கொடுக்கும்."

அவன் பக்கத்தைப் புரட்டினான்.
"அப்படியானால் இது? சி, டபிள்யூ, எம்."
"கூம். பள்ளத்தாக்கு.
உன் மின்சார பில்லைப் படித்ததே இல்லையா?
கூம் கோச், எண் ஏழு.
பதினோரு வருடமாக அதற்குள்தான் தூங்குகிறாய்."
தபால்காரரிடம் அதை அவன்
'குவம்' என்றே சொல்லிவந்திருக்கிறான்.

ஹீட்டர் சடசடத்தது.
"ஒய்?" என்றான் கடைசியில்.
"ஒய்யும்."
"எப்போதாவதா?"
"எப்போதும்."
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்;
எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உயிர் ஒன்று
அதில் இருந்தது.

பதினேழாம் பக்கத் தலைப்பை அடித்தான்.
வேறு தலைப்பு வரவில்லை.
பேனாவை மூடாமல்
அந்தச் சொற்களை மெல்ல, தப்புத் தப்பாக
வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான்.
டெக்வென் திருத்தவில்லை. ஈரச் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஆட்டத்தில் வென்றது அவன்தான், இரண்டே புள்ளியில்.
அவள் தட்டில் எம் மிஞ்சியது.
அதற்கு மூன்று கழித்தேன்.
வாசலில் மிதவை
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.