ஏழாவது கட்டம்

பர்கூர் சாலை எடைமேடைக்காரர் கவுஸ் பாய்
துருப்பிடித்த குண்டூசியோடு ஒரு சீட்டை நீட்டினார்.
தட்டச்சில் அடித்தது. எண்பத்துமூன்று, ஆடி மாதம்.
கருங்கல் ஒன்று, வண்டியோடு பதினாறு டன்.
"இதே முகம் வேணும்மா.
கூரை மேல போர்டுக்கும் இதுதான்,
கையில குடுக்குற ரசீதுக்கும் இதுதான்."

மூன்று அகலம் என்று குறித்துக்கொண்டேன்:
கூரைக்கு விரிந்தது, திரைக்கு நடுத்தரம், ரசீதுக்கு ஒடுங்கியது.
முன்பணம் வாங்கிய பிறகுதான்
தமிழ் நினைவுக்கு வந்தது.

எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்.
ர வந்து உட்கார்ந்தால்
கடைசி பஸ்ஸில் ஏறிய ஒற்றைப் பயணி.
ண வந்தாலோ
திங்கட்கிழமைக் காலை, ராயக்கோட்டை டவுன்பஸ்.
மூன்று சுழியையும் நெருக்கி நெருக்கி
ஒரு ராத்திரி அது ன ஆகிவிட்டது.
'வண்டி எண்' என்று அடித்தால்
'வண்டி என்' என்று வந்தது,
யாரோ சொந்தம் கொண்டாடுவதுபோல.

ர-வுக்கு அடியில் கட்டைக்கால் ஒன்று வைத்தேன்.
பழைய சீட்டிலும் அப்படித்தான் சமாளித்திருந்தார்கள்.
ஔ-வை யாரும் எடைபோடக் கொண்டுவருவதில்லை;
கடைசிக்குத் தள்ளினேன்.
சந்தையில் செந்தூராவுக்கும் பெங்களூராவுக்கும்
ஒரே கிரேடுதான்,
நசுங்கியது கூழ் ஆலைக்குப் போகும்.
நசுங்கிய ஞ-வை
நான் எங்கே அனுப்ப?

ஒடுக்குவது என்றால் அமுக்குவதல்ல.
அமுக்கினால் நிற்கும் கோடு மெலியும்,
படுத்த கோடு அப்படியே தடித்துக் கிடக்கும்,
காய்ச்சல் கண்ட முகம்.
ஒவ்வொன்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும்.
வரைந்தேன். மாசி போய்ப் பங்குனி வந்தது.

ரசீதில் ஓட்டுநர் பெயருக்கு விட்ட இடம்
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
நடுத்தரத்தில் ஆறு கட்டம் கொள்ளும்.
திம்மராயனுக்கு ஏழு வேண்டும்:
தி, ம், ம, ர, ஒரு துணைக்கால், ய,
அதோடு இடம் தீர்ந்துவிடும்.
ஒன்பது வருடக் கட்டைப் புரட்டினேன்.
பழைய அச்சுப்பொறியும் இதையேதான் செய்திருந்தது.
எல்லா ரசீதிலும்
திம்மராய
திம்மராய
யாரோ கூப்பிட வாயெடுத்து
பாதியில் விட்டதுபோல.

ஒடுங்கியதில் எட்டு கொள்ளும்.
ஏழாவது கட்டத்தில் ன்-னை உட்காரவைத்தேன்,
இரண்டு சுழி, தலைக்குமேல் புள்ளி.
புள்ளியை வட்டமாக விடவில்லை,
கல்லை அறுப்பதுபோல் சதுரமாக அறுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை
அவர் லாரி மேடையேறியது.
அச்சுப்பொறி கறகறத்து ரசீதைத் தள்ளியது.
திம்மராயன்.
முழுசாக.

அவர் டன்னை மட்டும் பார்த்தார்.
"நேத்து இதே கல்லு இருநூறு கிலோ கம்மியா இருந்துச்சே!"
கவுஸ் பாயோடு சண்டை
டீ வரும்வரை நடந்தது.
ரசீது நாலாய் மடிந்து சட்டைப்பைக்குள் போனது,
அந்த ன் உட்பட.

அடுத்த வண்டியிலிருந்து இறங்கியவர்
பெயரைச் சொன்னார்:
முனிவெங்கடப்பன்.
நான் விரல் மடக்கத் தொடங்கினேன்.
பத்து.